எர்த் குழி

கடைக்காரர் மூன்று ஆம்ப்ளிஃபையர் வைத்திருந்தார்.
ஒன்று பதினோராயிரம். தூக்கிப் பார்த்தேன்,
காலிப் போசி மாதிரி இருந்தது.
ஒன்று ஒன்றேமுக்கால் லட்சம், கண்ணாடிக்குள்.
நடுவில் இருந்தது முப்பத்தெட்டாயிரம்.
"உங்களுக்கு இது போதுமுங்க" என்றார்
என் சட்டையில் ஒட்டிய பஞ்சைப் பார்த்துக்கொண்டே.

பன்னிரண்டு தறி மூன்று வாரம் ஓடிய கூலி.
சோமனூர் பஸ்ஸில் மடியிலேயே வைத்து வந்தேன்.
ஒன்பது கிலோ.
கருமத்தம்பட்டியில் இரண்டு காலும் மரத்துவிட்டன.

கலாமணி அட்டைப்பெட்டியைத்தான் முதலில் பார்த்தாள்.
"பொட்டி நல்லாருக்குதுங். கோன் நூல் போட்டு வெச்சுக்கலாம்."

முதல் ராத்திரி,
ஷிஃப்ட் மாறத் தறி நிற்கிற கால்மணி நேரம்.
வயலின் போட்டேன்.
வில் தொடுவதற்கு முன்னால்
வாசிப்பவர் மூச்சிழுத்தது கேட்டது
என்று சொல்ல ஆசைதான்.
கேட்டது இடப்பக்கம் ஒரு ம்ம்ம்ம்,
புட்டிக்குள் அடைத்த வண்டு மாதிரி.
அதற்குள் கீழே தறிகள் கிளம்பின.
லைட் மங்கியது.
ஆம்ப்ளிஃபையர் டொக்கென்று
உள்ளுக்குள் கதவைச் சாத்திக்கொண்டது.

ஸ்டெபிலைசர் இரண்டாயிரத்து எழுநூறு.
புது ஒயர் அறுநூறு.
இடது ஸ்பீக்கரை வலதில், வலதை இடதில்
மாற்றி வைத்தும் பார்த்தேன்.
ம்ம்ம்ம் இடப்பக்கமே நின்றது.
சுவரில் ஏதோ கோளாறு என்று நினைத்தேன்.

திருமூர்த்தி வந்தான், மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவன்.
ஸ்பீக்கரில் காதை ஒட்டி வைத்து
"இருக்குதுங் மாமா, லேசா. எர்த் செரியில்லீங்" என்றான்.
டெஸ்டர் வைத்த இடத்தில்
பெட்டியின் மேல்தகடே மினுக்கியது.

கொல்லையில் ஆறடிக் குழி.
ஒரு மூட்டை கரி, ஒரு மூட்டை கல்லுப்பு, செம்புத் தகடு.
தினமும் ஒரு குடம் தண்ணீர் விட வேண்டுமாம்.
"கருவேப்பிலைக்கே தண்ணி பத்தல,
கம்பிக்கு ஊத்தறீங்ளா?"
ஊற்றினேன். சித்திரை மாசத்தில்,
காசு கொடுத்து வாங்கிய லாரித் தண்ணீரை.

மே தினத்தன்று ஊரில் எந்தத் தறியும் ஓடவில்லை.
தெருவில் யாரோ செருப்பைத் தேய்த்து நடப்பது
மாடி வரை வந்தது.
திருமூர்த்தி உட்கார்ந்தான்.
கலாமணி மாவுக் கையோடு வந்து நின்றாள்.
பாட்டு எதுவும் போடாமல்
வால்யூமை முழுக்கத் திருப்பினேன்.
"நின்னுபோச்சுங்" என்றான்.
"சுத்தமா இல்லீங்" என்றாள்.
நானும் தலையாட்டினேன்.

அவன் போனதும் பிளக்கைப் பிடுங்கிவிட்டு
குழிக்குப் பக்கத்தில் போய் நின்றேன்.
ம்ம்ம்ம்.
இடப்பக்கம்.
இருபத்தாறு வருஷமாக நான் நிற்கிற இடத்துக்கு
இடப்பக்கம்தான் ஏழாம் நம்பர் தறி.

டாக்டரிடம் போயிருந்தால்
முன்னூறு ரூபாயில் முடிந்திருக்கும்.

ஒரு வாரம் யாரிடமும் சொல்லவில்லை.
பஜனைப் பாட்டு ஓடிக்கொண்டிருந்த ராத்திரி
"ஏனுங் இப்புடிக் கீச்சுங்குது" என்று வந்து
ட்ரெபிளைக் குறைத்தாள்.
"ஜால்ரா நின்னுருச்சா?" என்றேன்.
"அடிச்சுட்டுத்தானுங் இருக்குது."
சொன்னவள் அப்படியே நின்றாள்.
கொஞ்ச நேரம் என் இடது காதைப் பார்த்தாள்.
பீஸில் பழுது குறிக்கிற பென்சிலை எடுத்துவந்து
திருகைச் சுற்றி இரண்டு கோடு போட்டாள்.
சிவப்பு அவளுக்கு. நீலம் எனக்கு.
நீலம் ரொம்பத் தள்ளி இருந்தது.

ஆம்ப்ளிஃபையர் நல்ல ஆம்ப்ளிஃபையர்.
யார் கேட்டாலும் வாங்கலாம் என்றுதான் சொல்கிறேன்.
சூடு ஏறுவதில்லை. ரிமோட்தான் கொஞ்சம் மட்டம்.

தறி நிற்கிற கால்மணி நேரத்தில்
சிவப்புக் கோட்டிலேயே வைக்கிறேன்.
டோலக் கேட்கிறது, குரல் கேட்கிறது.
ஜால்ரா வருகிற இடத்தில்
என் முழங்காலில் ஒரு விரலால் தட்டுகிறாள்,
டோலக்குக்குக் கொஞ்சம் பிந்தி.